வியாழக்கிழமை வரை பொறு என்றேன்

பேச்சிப்பாறை,
9-3-1955

அன்பு மகள் எலிசாவுக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையால் எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மெட்ராசில் உனக்குச் சுகந்தானா, ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா. உன் அம்மையை அடக்கம்பண்ணி இன்றைக்கு நாற்பத்தொரு நாள்.

நீ அனுப்பிய புத்தகத்தை மதகடியில் உட்கார்ந்து வாசித்து முடித்தேன். உன் பொருளாதாரக்காரர் சொல்வது இதுதானே, யாருக்கு எது எப்போது வேண்டும் என்பது அவரவருக்குத்தான் தெரியும், மேலே இருந்து ஒருவன் அத்தனை பேருக்கும் தீர்மானிக்க முடியாது, சந்தையில் போட்டி இருந்தால் விலையே சேதி சொல்லும், அந்தச் சுதந்தரத்தில் சர்க்கார் கைவைக்க வேண்டாம். அரிசிக் கண்ட்ரோல் போனபிறகு வடசேரிச் சந்தையைப் பார்த்தால் பாதி சரி என்றுதான் தோன்றுகிறது. ஆனால் எலிசா மக்களே, தண்ணீரைப் போட்டிக்கு விட்டால் தலைமடைக்காரன் வயல் நிறையும், கடைமடை காயும், அதனால்தான் ஓவர்சீயர் நான் முறை போட்டுத் திறக்கிறேன். அதற்கு அவர் என்ன சொல்வார் என்று உன் டீச்சரிடம் கேள். ஜனவரியில் கடைமடை முத்துக்கனி வந்து, ஏமானே, ஒங்க அணைப் பலகையில தண்ணி எத்தன அடியோ எனக்குத் தெரியாது, எனக்க நெல்லு பால் பிடிக்குது, இன்னைக்குத் தண்ணி வேணும் என்றாள். உன் முறை சனிக்கிழமை என்றேன். முறை சரிதான். பாதி நெல் பதர்.

துக்கத்துக்கு நீ வந்திருந்தபோது சொல்லாத ஒன்று. முத்துக்கனி வந்த அதே வாரம் திங்கட்கிழமை அம்மை வயிறு வலிக்கிறது என்றாள். மதகை விட்டு வரமுடியாது, வியாழக்கிழமை ஜீப்பு கீழே போகும், அதில் ஆஸ்பத்திரிக்குப் போகலாம், அதுவரை ஓமத்தண்ணீர் குடி என்றேன். இது வேற வலியாக்கும், எனக்க வயிறு எனக்குத் தெரியாதா என்றாள். நான் மதகுக்குப் போய்விட்டேன். புதன்கிழமை மத்தியானம் போய்விட்டாள். அணையில் அன்றைக்கு முப்பத்தொரு அடி. வியாழக்கிழமை அந்த ஜீப்பில்தான் அவளை அடக்கத்துக்குக் கொண்டுபோனோம்.

என் அக்கா, உன் பூங்கனி மாமி, தினமும் வந்து நிற்கிறாள். ஏலே, பெண்ணுக்குப் படிச்சது போதும், ஒனக்குக் கஞ்சி வைக்க வரச்சொல்லி எழுது, இல்லேண்ணா ஒனக்கு வயசு முப்பத்தெட்டுதானே, நான் வேற பெண்ணு பாக்கேன் என்கிறாள். போன வாரம் உன்னை வரச்சொல்லி எழுதிக் கவரையும் ஒட்டிவிட்டேன். இன்று கிழித்துப்போட்டேன். கஞ்சி நானே வைக்கிறேன், அடிபிடிக்கிறது, குடிக்கலாம். வருவதா, அங்கேயே இருந்து பரீட்சை எழுதுவதா என்று உனக்கு நான் முறை போடமாட்டேன். உனக்கு எது வேண்டும் என்று எழுது, அதை நான் நம்புவேன்.

கர்த்தர் உன்னைக் காப்பாராக. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. எங்கேயாவது வலித்தால் யாரிடமும் உத்தரவு கேட்காதே, அன்றைக்கே போ.

உன் அப்பா,
யேசுரத்தினம்