குரூப்பில் இருக்கும் என் குரல்

ஜரிகை மாமா,

இன்று சாயங்காலம் உங்கள் சாக்கு எங்கள் தெருவுக்குள் வந்தது. அதே சிமெண்ட் சாக்கு. அடியில் கிழிந்த இடத்தில் நீலச் சட்டைத் துணி வைத்துத் தைத்த அதே ஒட்டு. தூக்கி வந்தது நீங்கள் இல்லை, ஒரு அம்மா. "பழைய பட்டுப் பொடவ... ஜரிகப் பொடவ இருந்தா எடுங்கமா..." என்று கூவினார். கூவிப் பழகாத குரல். பாதியிலேயே இறங்கிவிட்டது.

என் அம்மா வாசலுக்குப் போனாள். நான் கையில் நோட்டோடு கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"இது அவரு சாக்கு ஆச்சே? எங்கமா அவரு?"

"பூட்டாருமா. நாலு மாசம் ஆவுது. நான் அவரு சம்சாரம்."

"ஐயோ. எப்டிமா?"

"இந்த ஊர்ல யாரோ அட்ச்சிட்டாங்க. எந்தத் தெருன்னு கடைசி வரிக்கும் சொல்லவேயில்ல. அதுல வலது காது போச்சு. வாலாஜாபாத் ரோட்டுல பின்னால லாரிக்காரன் ஆரன் அட்ச்சிக்கினே வந்துக்கிறான். இவருக்குக் கேக்கல."

அம்மா உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அம்மா என்னைப் பார்க்கவில்லை. நானும் அவளைப் பார்க்கவில்லை.

எல்லோரும் தூங்கிவிட்டார்கள். அப்பா நெய்யும்போது காலை விட்டு உட்காரும் தறிக்குழிக்குள் இறங்கி, அப்பாவின் போன் வெளிச்சத்தில் இதை எழுதுகிறேன். வெளிச்சம் வெளியே தெரியக் கூடாது என்று மேலே துண்டு போட்டு மூடியிருக்கிறேன். பயமாக இருக்கிறது. ஆனால் நாளை காலை பத்து மணியை நினைத்தால் இன்னும் பயமாக இருக்கிறது.

மாதம் ஒருமுறை வருவீர்கள். வாசற்படியில் உட்கார்ந்து, பழைய புடவையின் ஜரிகையைக் கறுப்புக் கல்லில் தேய்த்துப் பார்த்து விலை சொல்வீர்கள். ஒவ்வொரு முறையும் அம்மாவின் கல்யாணப் புடவையைக் கேட்பீர்கள். அம்மாவும் ஒவ்வொரு முறையும், "நான் செத்தாலும் தரமாட்டேன்" என்பாள். "நீங்க ஏம்மா சாவணும்? பொடவைய மட்டும் குடுங்க" என்பீர்கள். தறியிலிருந்து அப்பா சிரிப்பார். அவரையும் விட மாட்டீர்கள். "நீ நெய்யி நைனா. இருவது வருசம் கழிச்சி வந்து நான் எட்த்துக்கினு போறேன்."

எதிர் வீட்டு முருகேசன் அண்ணனின் குழந்தை ஒருநாள் யாருக்கும் தெரியாமல் மெயின் ரோடு வரைக்கும் நடந்து போய்விட்டது. நீங்கள்தான் இடுப்பில் தூக்கிக்கொண்டு, இன்னொரு தோளில் சாக்கோடு, "யாரு வூட்டுக் கொழந்தமா இது?" என்று வீடு வீடாகக் கேட்டு வந்தீர்கள். முருகேசன் அண்ணன் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். உங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

அதற்குச் சில மாதம் கழித்துத்தான் எங்கள் தெருவைப் பார்த்துக்கொள்ளப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஏட்டம்மா வந்தார். வாரம் ஒருமுறை ஸ்கூட்டியில் வந்து விசாரித்துவிட்டுப் போவார். 'நம்ம தெரு நம்ம காவல்' என்று வாட்ஸப் குரூப் ஆரம்பித்தது அவர்தான். முதல் நாளே எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார்: "சந்தேகம்னா எனக்கு சொல்லுங்க. நான் வர்ற வரிக்கும் எவனும் கைய நீட்டக் கூடாது." எல்லோரும் சரி என்றார்கள். ஆனால் அந்தக் குரூப்பில் பிள்ளை பிடிக்கிறவர்கள் பற்றிய வீடியோக்கள் வரத் தொடங்கின. எந்த ஊர் என்றே தெரியாத வீடியோக்கள். எல்லாவற்றிலும் ஒரு சாக்கு இருந்தது. "இப்டி எல்லாம் அனுப்பாதீங்க" என்று ஏட்டம்மா போடுவார். அதற்குக் கீழேயே இன்னொன்று வரும்.

அது நடந்த அன்று நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். டியூஷனுக்குப் போகாமல் தோழியோடு கோயில் குளத்துப் படியில் ரீல்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வரும்போது ஏழரை. டியூஷன் மிஸ் ஏற்கெனவே போன் செய்திருந்தார். அம்மா கையில் துடைப்பத்தோடு நின்றாள்.

"எங்கடி போயிருந்த?"

அந்த நிமிடம் தெருக்கோடியில் உங்கள் குரல் கேட்டது. பழைய பட்டுப் பொடவ.

"ஜரிகக்காரரு என் பின்னாடியே வந்தாருமா. பயந்துக்கினு கோயில்ல ஒளிஞ்சிக்கினு இருந்தேன்."

நான் யோசிக்கவேயில்லை மாமா. வாயில் வந்தது. அம்மாவின் கையிலிருந்து துடைப்பம் விழுந்தது. என்னைக் கட்டிக்கொண்டாள். அடி விழவில்லை என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. அதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை. அந்த நிம்மதியை.

அம்மா போனை எடுத்தாள். "நீயே சொல்லு. அப்பத்தான் நம்புவாங்க" என்று என் வாய்க்கு நேராகப் பிடித்தாள். சொன்னேன். பதினோரு நொடி. குரூப்புக்குப் போனது.

ஏட்டம்மா வருவதற்குள் எல்லாம் நடந்துவிட்டது. எங்கள் வீட்டெதிரே இருக்கும் விளக்குக் கம்பத்துக்கு உங்களை இழுத்து வந்தார்கள். முதலில் அடித்தது முருகேசன் அண்ணன். "அன்னிக்கு எம்புள்ளையயும் தூக்கிக்கினுதான இருந்தான்! நாமதான் முட்டாளாட்டம் டீ வாங்கிக் குட்த்தோம்!" என்று கத்தினார். சாக்கைக் கவிழ்த்தார்கள். நாலைந்து பழைய புடவைகள், கறுப்புக் கல், ஒரு டிபன் பாக்ஸ். அதில் ஒரு புடவையை எடுத்துத்தான் உங்களைக் கட்டினார்கள். முடிச்சுப் போட்டது என் அப்பா. தறியில் அறுந்த இழையை முடிச்சிடுவது போல ஒரே நொடியில் போட்டார். பழைய பட்டு இற்றுப்போயிருக்கும், இழுத்தால் அறுந்துவிடும் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அறுந்துபோகவில்லை.

ஏட்டம்மா ஸ்கூட்டியை அப்படியே கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார். உங்களுக்கு முன்னால் கையை விரித்து நின்றார். "போன்ல சொன்ன புள்ள எங்க? வா இங்க" என்றார். போனேன்.

"பயப்படாத. நெஜமா இவருதான் வந்தாரா?"

உங்கள் வலது காதிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் பொய் சொல்கிறேன் என்று அந்தத் தெருவில் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். அதை ஏட்டம்மாவிடம் சொல்லியிருக்கலாம். நீங்கள் சொன்னது வேறு.

"பாப்பா பயந்துகினு இருக்குதுமா. அத்தக் கேக்காதீங்க. வுட்டுடுங்க."

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று.

ஏட்டம்மா உங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். பெண் பிள்ளை பெயர் கெட்டுவிடும் என்று அப்பா புகார் எழுதிக் கொடுக்கவில்லை. நீங்களும் யார் மேலும் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு நீங்கள் வரவேயில்லை. தெரு பத்திரமாகிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள்.

நாளை காலை பத்து மணிக்கு அதே கம்பத்தில் கண்காணிப்புக் கேமரா வைக்கிறார்கள். இன்ஸ்பெக்டர் வருகிறார். ரிப்பன் வெட்டப் போவது நான். எங்கள் தெருச் சங்கத் தலைவர் வீட்டுக்கே வந்து, "உன்னாலதான்மா நம்ம தெரு முழிச்சிக்கிச்சு. பயப்படாம மைக்ல பேசு" என்று ஒரு தாள் கொடுத்துவிட்டுப் போனார். 'சாக்குடன் திரிந்த மர்ம நபர்' என்று தொடங்குகிறது. அந்தத் தாளை இரண்டு நாளாக மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். இன்று உங்கள் வீட்டு அம்மா கூவியபோதுகூட நோட்டுக்குள் அதுதான் இருந்தது.

அன்றைக்கே அந்தக் கேமரா இருந்திருந்தால் என்ன தெரிந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். நான் ஒரு பக்கத்திலிருந்து தனியாக நடந்து வருவது தெரிந்திருக்கும். ரொம்ப நேரம் கழித்து, அடுத்த கோடியிலிருந்து, நீங்கள் கூவிக்கொண்டு வருவது தெரிந்திருக்கும்.

என் பதினோரு நொடி இன்னும் அந்தக் குரூப்பில்தான் இருக்கிறது. கொஞ்ச நேரம் முன்பு காதோடு வைத்துக் கேட்டேன். நடுங்குகிற குரல். அடிக்குப் பயந்த நடுக்கம் அது. உங்களுக்குப் பயந்தது என்று எல்லோரும் நம்பினார்கள்.

அதற்குக் கீழே இப்போது இன்னொன்று பேசி வைத்திருக்கிறேன். அதிலும் குரல் நடுங்குகிறது. "அன்னிக்கு ஜரிகக்காரரு என் பின்னாடி வரல. நான் டியூஷனுக்குப் போவாம குளத்தாண்ட இருந்தேன். அம்மா அடிப்பாங்கன்னு பொய் சொன்னேன். ஏட்டம்மா, நீங்க கேட்டப்பவும் பொய்தான் சொன்னேன். இன்னிக்கு வந்தவங்க அவரு சம்சாரம். அவரு செத்துட்டாரு."

அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டேன். போகவில்லை. அப்பா படுக்கும்போது நெட்டை அணைத்துவிடுவார். நானே போட்டுவிடலாம், அந்தத் துணிவு மட்டும் இன்னும் வரவில்லை. காலையில் எழுந்து, தறியில் உட்காருவதற்கு முன்னால் போடுவார். அதுவரை என் குரலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடிகாரம் நிற்கும். அதுவரைக்கும் என்னால் அழிக்கவும் முடியும்.

முருகேசன் அண்ணன் என்ன செய்வார் என்று தெரியவில்லை. அந்த முடிச்சைப் போட்ட கையை அப்பா என்ன செய்வார் என்று தெரியவில்லை. துடைப்பம் இந்தத் தடவை கீழே விழாது என்று மட்டும் தெரியும்.

நீங்கள் கடைசியாகச் சொன்ன வார்த்தையை நான் தினமும் கூடவே தூக்கிக்கொண்டு திரிகிறேன். பாப்பா பயந்துகினு இருக்குது. இப்போதும் அப்படித்தான் மாமா. ஆனால் வுட்டுடுங்க என்று மட்டும் நாளைக்கு எனக்காக யாரும் சொல்ல வேண்டாம்.

கடிகாரம் அப்படியே நிற்கிறது. அழிக்கவில்லை. போனை அப்பாவின் தலைமாட்டில் வைத்துவிட்டுப் படுக்கப் போகிறேன்.