டர்னிப்பில் என் முகம்

மேயோ மேற்குக்கரை,
நவம்பர் 1, 1986, காலை.

செல்ல மகளே பிரீஜ்,

உன்னை வளர்த்த மாமனும் ஒற்றைக்கண் கழுதையும் ஒழுகுகிற கூரையும் இங்கே சுகம். பாஸ்டனில் நீயும் அப்படியே இருக்கிறாய் என்று ஒரு வரி எழுது. உன் இருமல் மட்டும் சுகமாக இருக்க வேண்டாம், அது செத்துத் தொலையட்டும். இங்கே மழை பதினேழு நாளாக விடவில்லை, நேற்று முன்தினம் ஒரு மீன் கடலிலிருந்து நேராக நீந்தி வந்து நம் வாசலில் வழி கேட்டுவிட்டுப் போனது. நீ அனுப்பிய பிளாஸ்டிக் பூசணி திங்கட்கிழமை வந்து சேர்ந்தது, தபால்காரர் அதைக் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு வந்தார். வயிற்றில் பேட்டரி போட்டால் பல்லைக் காட்டி எரிகிறது. டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைக்கிற நம் வழக்கத்தோடு இங்கிருந்து போனவர்கள், அங்கே பூசணி மலிவாகக் கிடைக்கிறது என்று அதைக் குடைந்தார்கள், இப்போது நம் சரக்கையே நமக்குத் தபாலில் அனுப்புகிறாய், பேஷ். சாத்தானை மரத்தில் ஏற்றி ஏமாற்றிவிட்டு, செத்த பிறகு சொர்க்கமும் நரகமும் கதவைச் சாத்தியதால் ஒரு நெருப்புத் துண்டை டர்னிப்புக்குள் வைத்துக்கொண்டு இன்னும் அலைகிறானே ஒரு கருமி, அவன் நம் ஊர்க்காரன்தான், என் கொள்ளுத்தாத்தாவின் மண்வெட்டியைக்கூட அவன்தான் தூக்கிப் போனான் என்று பள்ளிக்கூட ஆய்வாளரிடமே நான் சத்தியம் செய்திருக்கிறேன்.

உன் அத்தை டீலியா பிப்ரவரியில் போனபின் வந்த முதல் ஹாலோவீன், செத்தவர்கள் வீட்டுக்கு வந்துபோகிற ராத்திரி, நேற்று. காகிதம் சரியில்லாதவள் விமானம் ஏறினால் திரும்ப அமெரிக்காவுக்குள் விடமாட்டார்கள் என்று அடக்கத்துக்கு நீ வராமல் இருந்துவிட்டாய், வரச்சொல்லி நானும் கூப்பிடவில்லை. ஆனால் பூசணிக்குள் மடித்து வைத்திருந்தாயே ஒரு கடிதம், அத்தை என்னை மன்னிப்பாளா மாமா என்று, அதைப் படித்த நாளாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எதைக் கேட்டாலும் வாய்கூசாமல் அளக்கிற எனக்கு இதற்கு ஒரு பொய்கூட வரவில்லை. கேட்க வேண்டியவளிடமே கேட்டுவிடுவோம் என்று முடிவு செய்தேன், அவள் வருகிற நாள்தான் பக்கத்தில் இருந்ததே.

இதில்தான் ஒரு சிக்கல். வாசலில் தாழ்ப்பாள் போடாமல், கணப்புக்குப் பக்கத்தில் அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு, முட்டைக்கோஸ் கலந்து மசித்த உருளைக்கிழங்கில் வெண்ணெய்க் குளம் வெட்டி வைக்க வேண்டும், அது வீட்டுச் செத்தவர்களுக்கு. ஜன்னலில் டர்னிப்பைக் கோரமாகச் செதுக்கி வைக்க வேண்டும், அது போக்கிடமில்லாமல் அலைகிற ஊரார் ஆவிகளை விரட்ட. நானோ ஐரோப்பாவே அலறும்படி ஒன்று செதுக்கினேன், புருவத்துக்குக் கழுதையின் வாலிலிருந்து முடிகூட வைத்தேன். பக்கத்து வீட்டு ஹானா வந்து பார்த்துவிட்டு, “ஏய்யா ஃபெஸ்டஸ், உனக்கு மூளைன்னு ஏதாவது இருக்கா? இதப் பாத்தா உசுரோட இருக்கறவளே உள்ள வரமாட்டா, செத்தவ எப்படிய்யா வருவா?” என்றாள். விளக்கு வைக்காவிட்டால் கண்டதெல்லாம் உள்ளே வரும், வைத்தால் டீலியாவும் திரும்பிப் போய்விடுவாள். மதியம் முழுக்க யோசித்துவிட்டு, இன்னொரு டர்னிப்பை எடுத்து, சவரக் கண்ணாடியைப் பார்த்து என் முகத்தையே செதுக்கினேன், வளைந்த மூக்கு, முன்பல் இடைவெளி எல்லாம் அச்சு அசல். ஹானா மறுபடி வந்து, “ஆங், இது சரி. ஊரான் ஓடிருவான், அவளுக்கு நாப்பத்தோரு வருசமாப் பழகின கண்றாவிதானே” என்றாள்.

புது மெழுகுவர்த்தி ஒன்றை டர்னிப்பில் ஏற்றினேன், உன் பூசணியை அலமாரியில் எரியவிட்டேன். காலி நாற்காலிக்கு எதிரே நின்று உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்து, மடித்துத் தட்டுக்கு அடியில் வைத்தேன். வருகிறவர்கள் சமையலறையில் நிம்மதியாக இருக்கட்டும் என்று சீக்கிரமே போய்ப் படுத்துவிட்டேன்.

பிரீஜ், உனக்கு நான் எழுதுகிற கடிதங்களில் பாதி புளுகு, அது உனக்கே தெரியும். இனி எழுதுவது அப்படி அல்ல. காலையில் வந்து பார்த்தேன். உருளைக்கிழங்கைத் தின்றது ஹானாவின் பூனை, மீசையில் வெண்ணெயோடு நாற்காலிக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தது, அதை நான் டீலியா தலையில் கட்டமாட்டேன். ஆனால் விடியும்வரை எரிய வேண்டிய மெழுகுவர்த்தி பாதிக்குமேல் மிச்சம் இருந்தது. காற்று அணைத்தால் திரி நேராக நிற்கும். இது இடது பக்கமாக மடங்கி நசுங்கியிருந்தது, நாக்கில் தொட்ட இரண்டு விரலால் அவள் தினமும் கிள்ளி அணைப்பாளே, அப்படி. நான் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போதே தலைக்குமேல் பல்பை அணைத்துவிட்டுப் போகிறவள் அவள், வெளிச்சம் வீணாவதை ஒரு நிமிஷம் பொறுக்கமாட்டாள். ஜன்னலில் இருந்த என் முகத்தை அணைத்திருக்கிறாள். மாடத்தில் மாதா படத்துக்கு முன் இருந்த சின்ன விளக்கையும் அணைத்திருக்கிறாள். உன் பூசணியை மட்டும் தொடவில்லை. அதற்கு சுவிட்ச் எங்கே என்று தெரிந்திருக்காது என்கிறாள் ஹானா. டீலியாவுக்குத் தெரியாத சுவிட்சா! நீ கேட்டதற்கு அவள் பதில் அதுதான். அது அலமாரியில் மங்கலாக இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது, அந்த வெளிச்சத்தில்தான் இதை எழுதுகிறேன்.

கடவுளும் மாதாவும் உனக்குத் துணை இருக்கட்டும், நீ கால் வைக்கிற இடம் காய்ந்திருக்கட்டும், கழுத்துக்குக் கம்பளி சுற்றாமல் வேலைக்குப் போகாதே. மறக்காமல் தடித்த பேட்டரி நாலு அனுப்பு, இங்கே கடையில் இல்லை. அவள் எரியவிட்டதை அணைக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

இப்படிக்கு, ஜன்னலில் ஒன்றும் மேஜையில் ஒன்றுமாக இரண்டு முகத்தோடு,
உன் மாமன்
ஃபெஸ்டஸ்