ஒன்பது நாள் காய்ச்சல்

பிரிக்பீல்ட்ஸ்,
12.10.1996

சுபத்ராவின் அப்பாவுக்கு,

நீங்கள் சுங்கை பூலோவில் உங்கள் அண்ணன் வீட்டில் இருப்பதை அண்ணிதான் சொன்னார். அவரிடம் கோபப்படாதீர்கள். இதையும் அவர் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். இங்கிலாந்திலிருந்து பறந்து வந்தவருக்கு வீட்டுக்கு ஒரு பஸ் ஏற முடியவில்லையா என்று நான் கேட்கப்போவதில்லை.

செவ்வாய்க்குப் போன விண்கலத்திலிருந்து பேச்சு நின்றுவிட்டதாக இங்கும் நான்கு வரிச் செய்தி வந்தது. மாடிப்படியில் நாச்சாள் அக்கா, "என்ன லா, உன் வீட்டுக்காரரு ராக்கெட் காணாமப் போச்சாம்? போலீஸ்ல ரிப்போர்ட் போட்டாச்சா?" என்றார். நானும் சிரித்துவைத்தேன்.

நேற்று உங்கள் பேராசிரியர் போன் செய்தார். விண்கலத்தில் இருந்தது குறைந்த செலவில் உங்கள் பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் செய்துகொடுத்த ரேடியோவாம். அது கெட்டால் பேச மாற்று ஒன்று வைக்க வழியில்லாமல் போனதாம். அது குளிரைத் தாங்குமா என்று பார்க்கும் சோதனையை ஏழு நாளிலிருந்து இரண்டாகக் குறைக்கச் சொன்னது தான்தான், நீங்கள் கையெழுத்து மட்டுமே போட்டீர்கள் என்றார். விசாரணையிலும் அதையே சொல்வாராம். பிறகு, ஒன்பது நாளாக உங்களைக் காணவில்லை, வீட்டுக்கு வந்தீர்களா என்று கேட்டார்.

காய்ச்சல், உள்ளே தூங்குகிறார் என்று சொல்லிவிட்டேன்.

சுபத்ரா பக்கத்தில் நின்றதை நான் கவனிக்கவில்லை. அறைக்குள் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"அப்பா எங்கேம்மா?"

"வந்துக்கிட்டு இருக்காரு."

பேராசிரியரிடம் சொன்னது பொய்யாகவே இருக்கட்டும். இவளிடம் சொன்னதைப் பொய்யாக்கிவிடாதீர்கள்.

உங்கள் மனைவி