வாய்க்காலுக்குக் கிழக்கே

புதுச்சேரி
18.6.2004

அன்பு மாமாவுக்கு,

உங்கள் மனைவி பூங்கோதை எழுதுவது. நலமே. நீங்கள் திருமுதுகுன்றம் என்றே எழுதும் விருத்தாசலத்தின் சூளைச் சூட்டில் வளர்ந்த உடம்புக்கு இக்கடற்காற்று இன்னும் கனவாகவே இருக்கிறது. பழைய தெருக்களை வரைபடமாக்கும் பணியில் நாளெல்லாம் நடக்கிறேன். பிரெஞ்சுக்காரர்கள் ஊரை நடுவே ஒரு வாய்க்காலால் வகிர்ந்தார்கள். கிழக்கே, கடலோரம், தமக்கு உயர்ந்த மதில்களும் மஞ்சள் மாளிகைகளும். மேற்கே நமக்கு, சாதிக்கொரு தெரு. விடியலில் தெருமுனையில் நின்றால், கடலிலிருந்து எழுந்த வெளிச்சம் நேர்கோட்டில் நடந்து வந்து காலைத் தொடுகிறது.

பணியை நிலையாக்குகிறார்கள். ஆடி முடிவதற்குள் ஒப்பம் இட வேண்டும். அலுவலகமே கிழக்கில் ஒரு மாடி வீடு தருகிறது. தெருவுக்குப் பழைய பிரெஞ்சு ஆளுநர் ஒருவரின் பெயர். பொம்மைச் சூளையை உங்கள் தம்பி வெற்றிவேல் பார்த்துக்கொள்ளட்டும். வந்துவிடுங்கள். இருவருக்கு உலை வைத்துவிட்டுத் தனியே உண்கிறேன்.

உங்கள்
பூங்கோதை


திருமுதுகுன்றம்
திருவள்ளுவர் ஆண்டு 2035, ஆனி 12

என் கோதைக்கு,

அத்தெருவின் பெயரை எண்ணவே குருதி கொதிக்கிறது. நம்மை அடக்கி ஆண்டவர் பெயர் தாங்கிய மண்ணில் குடியேறேன் என்று வேப்பூரில் தமிழியக்க மேடையில் சூளுரைத்தவன் நான். கைதட்டியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வாய்க்காலுக்குக் கிழக்கே என் கால் படாது. நாக்கு ஒரு வழி, கால் ஒரு வழி என வாழ என்னால் இயலாது. நீ திரும்பி வா.

கொலுப் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுகிறோம். எதிர்வீட்டுக் கொளஞ்சியம்மாள் நேற்று வந்து, "மைக்குல ஊரையே வா வான்னு கூப்பிடுற. வூட்டுக்காரிய நேர்ல போயி ஒரு தடவ கூப்பிடத் தெரியலையா?" என்றாள். சிரித்தேன். சிரிப்பு நெடுநேரம் நிற்கவில்லை.

உன்
பழமலை


புதுச்சேரி
5.7.2004

அன்பு மாமாவுக்கு,

நீங்கள் இங்கே பேச வருவதை நேற்றுச் சுவரொட்டியில் பார்த்துத்தான் அறிந்தேன். ஓடி வந்தேன். வாய்க்காலுக்கு மேற்கே நீங்கள், கிழக்கே நான்.

"வாங்க மாமா, ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போங்க."

"அங்கிருந்தே பேசு, கோதை."

வழியே போன பூக்காரி நின்றாள். "ஏம்மா, வூட்டுக்காரரா? தண்ணிக்குப் பயப்படுறாரா? முழங்காலுகூட நனையாதுன்னு சொல்லு!"

நானே பாலம் ஏறி வந்தேன். அதற்குள் கூட்டத்தார் உங்களை வண்டியில் ஏற்றிச் சென்றுவிட்டார்கள்.

உறக்கத்தில் அவ்வாய்க்கால் அகன்று அகன்று கடலாயிற்று. அக்கரையில் உங்கள் குரல் ஒலிபெருக்கியில் கேட்டது. சொல் ஒன்றும் பிடிபடவில்லை. கோடு கிழித்தவர்கள் கப்பலேறி ஐம்பது ஆண்டாயிற்று, மாமா. இன்று அதற்குக் காவல் நிற்பவர் யார்?

பூங்கோதை


திருமுதுகுன்றம்
ஆனி 28

என் கோதைக்கு,

உன் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. ஒரு வழி உண்டு. மேற்கே, நம் தமிழ்த் தெருவில் வீடு பார். நம் மக்கள் நடுவே வாழ்வோம். வீடு அமைந்த மறுநாளே பேருந்து ஏறுவேன். என் சொல்லும் நிற்கும். நீயும் உன் பணியில் நிலைப்பாய்.

பழமலை


புதுச்சேரி
30.7.2004

அன்பு மாமாவுக்கு,

மேற்கே தெருத்தெருவாக அலைந்தேன். எல்லோரும் இன்முகத்தோடு அமரச் சொன்னார்கள், தண்ணீர் தந்தார்கள். பிறகு, "நீங்க என்ன ஆளுங்க?" என்றார்கள். மண்பாண்டக் குடி என்றேன்.

"தப்பா நெனச்சிக்காதீங்க. இந்தத் தெருவுல வேற ஆளுக்கு வுடறதில்லீங்க. உங்க ஆளுங்க தெரு அந்தாண்ட இருக்குது."

அங்கும் போனேன். அங்கே வீடு ஏதும் காலியில்லை.

வெள்ளையர் காலத்துக் கோடுகளுக்குள் அந்தந்தக் குடி இன்னும் அப்படியே இருக்கிறது. பெயர்ப்பலகை மட்டும் தமிழ். அன்று நம்மை உள்ளே விடாத கிழக்கு, இன்று ஒன்றும் கேளாமல் சாவி தந்தது. இதையும் மேடையில் பேசுங்கள். யாரும் கைதட்டாமல் போகலாம்.

ஒப்பம் இட்டுவிட்டேன்.

இன்று கட்டில் வாங்கினேன். "ஒத்தையா, ரெட்டையாங்க?" என்றார் கடைக்காரர்.

ஒற்றை என்றேன்.

நலமாக இருங்கள்.

பூங்கோதை