சம்ப் ஓரத்துச் சிவப்பு ஸ்டூல்

இன்று காலை தண்ணி லாரி வந்தது. லாரிக்கார ஏழுமலை சம்ப் மூடியை நெம்பித் தூக்கியதும் அந்த வாசனை மேலே வந்தது. ஈர சிமெண்டும் பிளீச்சிங் பவுடரும் கலந்த, பூட்டிக் கிடந்த வாசனை. மற்றவர்களுக்கு அது நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியின் வாசனை. எனக்கு அது உன் வாசனை என்று சொன்னால் நீ அடிக்க வருவாய். என்ன செய்வது, உன்னை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அதுதான்.

மோட்டார் ரூமிலிருந்து உன் சிவப்பு ஸ்டூலை எடுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அது இப்போது சிவப்பு இல்லை. வெயிலில் வெளுத்து ரோஸ் மில்க் நிறத்துக்கு வந்துவிட்டது. நான் உட்கார்ந்ததைப் பார்த்த பிறகுதான் ஏழுமலை குழாயைத் தொட்டிக்குள் இறக்கினான்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். நீ போன அன்று, பெட்டியை மூடுவதற்கு முன்னால் எல்லாரும் வரிசையில் வந்து உன் முகத்தைப் பார்த்தார்கள். நான் பார்க்கவில்லை. மூன்றாவது மாடி மாமி இதை இன்னும் விட்டபாடில்லை. "அத்தனை சிநேகமா இருந்தேள். கடைசியா மூஞ்சியப் பாக்கக்கூட வரலையே" என்று லிஃப்டில் மாட்டும்போதெல்லாம் கேட்கிறாள். அவளுக்குப் பதில் சொல்லி மாளாது. உனக்குச் சொன்னால் ஒரு வார்த்தையில் புரிந்துவிடும். ஆனாலும் முழுசாகத்தான் சொல்லப் போகிறேன். சுருக்கமாகப் பேச எனக்கு எப்போது வந்திருக்கிறது?

நாம் இரண்டு பேரும் இந்த மந்தைவெளி ஃபிளாட்டுக்கு வந்தது ஒரே வருஷத்தில். நீ தரைத்தளம், நான் இரண்டாவது மாடி. நீ ஆஸ்பத்திரியில் நர்ஸ், நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். பகலெல்லாம் ஊரார் பேச்சை இணைத்துக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து என் பேச்சை ஆரம்பிப்பேன். நீ காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, நைட் டூட்டிக்குக் கிளம்பும்வரை கேட்டுக்கொண்டிருப்பாய். உன்னைப் போலக் கேட்கிற ஆள் எனக்கு அதற்குப் பிறகு கிடைக்கவில்லை.

நாம் வந்த வருஷக் கோடையில் முதல் லாரி வந்தபோதே நீ ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு ஃபிளாட்டின் பக்கவாட்டுச் சந்துக்குப் போய், திறந்த சம்ப் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாய். நான் பால்கனியிலிருந்து பார்த்துச் சிரித்தேன். அப்போது மீசைகூடச் சரியாக வராத ஏழுமலையும் சிரித்தான்.

"இன்னாம்மா, லாரித் தண்ணிய எவனாச்சும் தூக்கிகினு பூடுவான்னு காவலா?"

"தண்ணி எங்கயும் போவாது நைனா. புள்ளைங்கதான் போயிடும்" என்றாய்.

அவன் சிரிப்பை நிறுத்திவிட்டான். நீ ஏன் அப்படிச் சொன்னாய் என்று எனக்கு அப்போது தெரியாது. அதை நீ சொன்னது பெசன்ட் நகர் கடற்கரையில், ஒரு காணும் பொங்கலன்று. நம் ஃபிளாட்டுக் குடும்பங்கள் எல்லாம் புளியோதரையும் தயிர்சாதமுமாகக் கிளம்பினோம். நீ மட்டும் ஸ்டூலை ஆட்டோவில் ஏற்றினாய். அலை வந்து கால் நனைக்கிற இடத்தில் அதைப் போட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கழுத்தில் விசிலோடு உட்கார்ந்தாய். பிள்ளைகளுக்கு முழங்காலுக்கு மேல் தண்ணீர் கிடையாது. பெரியவர்கள் கை கோத்து நின்றதையும் நீ விடவில்லை. "கை கோத்துக்கினா பத்திரம்னு யார் சொன்னது? ஒருத்தர் சறுக்கினா மாலை மாதிரி மொத்தமும் போவும். தனித்தனியா நில்லுங்க" என்று சத்தம் போட்டாய்.

யாரோ ஒரு ஆள் உன் பக்கத்தில் வந்து நின்று, "யக்கா, இன்னா விக்கிறீங்க?" என்று கேட்டான்.

"ஒண்ணும் விக்கல. பாத்துக்கினு இருக்கேன்."

"எத்த?"

"எல்லாப் புள்ளைங்களையும். உன் புள்ளையையும் சேத்துத்தான். பச்ச சட்டை உன்னுதுதான?"

அவன் திரும்பிப் பார்த்தான். பச்சைச் சட்டை அவன் நினைத்த இடத்தில் இல்லை. இன்னும் கொஞ்சம் உள்ளே நின்றுகொண்டிருந்தது. அவன் ஓடிய ஓட்டம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

நான் பஜ்ஜி வாங்கிக்கொண்டு வந்து நீட்டினேன். நீ கையைக்கூட நீட்டவில்லை. "இதுல உக்காந்தா பேச்சு, பஜ்ஜி, போனு எதுவும் கிடையாது" என்றாய். பிறகு கடலைப் பார்த்தபடியே சொன்னாய்: "முழுகறவங்க சினிமால வர்ற மாதிரி கையத் தூக்கிக் கத்த மாட்டாங்க வசு. கத்தறதுக்கு மூச்சு இருக்காது. காதை நம்பிக்கினு இருக்க முடியாது, கண்ணுதான்."

அதே குரலில்தான் மீதியையும் சொன்னாய். சாந்தோமில் உன் மாமியார் வீட்டில், உன் மகளின் ஞானஸ்நான விருந்து. விருந்தாளிகளுக்காகத் தண்ணி லாரி வந்திருக்கிறது. சம்ப் மூடி திறந்திருந்தது. அப்போதுதான் ஓட ஆரம்பித்திருந்த உன் மூத்தவன் அதில் விழுந்து போய்விட்டான். "வீடு நெறைய ஆளு. எல்லாரும் புள்ள வேற யார் கையிலயோ இருக்குன்னு நெனச்சிக்கினோம். யாருமே இல்லாத நாளா இருந்திருந்தா நான் பாத்திருப்பேன்டி" என்றாய். சொல்லி முடிக்கிறவரை அலையில் நின்ற பிள்ளைகள்மேல் இருந்து உன் பார்வை நகரவில்லை. உன் தோளில் கை வைத்தேன். நீ திரும்பவில்லை. அன்றைக்கு உன்மேல் எனக்கு வந்த பிரியம் அதற்குப் பிறகு குறையவே இல்லை.

ரிட்டயர் ஆன பிறகு நீ தெருத் தெருவாகக் கிளம்பிவிட்டாய். எந்த வீட்டு வாசலில் லாரி நின்றாலும் நீயும் ஸ்டூலும் ஆஜர். ஒரு பள்ளிக்கூடத்தில் மைக் கொடுத்துப் பேசக் கூப்பிட்டார்கள். போய் வந்து அலுத்துக்கொண்டாய். "உக்கார வச்சு சொன்னா கொட்டாவி விடுறாங்க. அவங்களா கேக்கணும், அப்பதான் உள்ள போவும்." அதனால் நீ எதுவும் சொல்லாமல் திறந்த தொட்டி ஓரத்தில் போய் உட்காருவாய். வீட்டுக்காரர்கள் ஏன் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். கேட்டவர்களுக்கு மட்டும் சொல்வாய். மூடி திறந்திருந்தால் ஒரு ஆள், ஒரே ஆள், பெயர் சொல்லி உட்கார வேண்டும். பக்கெட்டில் தண்ணீர் வைக்காமல் கவிழ்த்து வைக்க வேண்டும். பிள்ளையைக் கைமாற்றும்போது "உன் கையில" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு, வாங்கிக்கொண்டவர் "என் கையில" என்று சொல்கிறவரை நகரக் கூடாது.

உன் முதல் சீடன் ஏழுமலைதான். கோபாலபுரத்தில் ஒரு பெரிய பங்களாவில், "மூடிகிட்ட ஆளு உக்காந்தாதான் பைப்பு எறக்குவேன்" என்று நின்றுவிட்டானாம். அந்த வீட்டு அம்மா லாரி முதலாளிக்கே போன் போட்டுவிட்டாள். இவன் அசையவில்லை. கடைசியில் வாட்ச்மேனை உட்கார வைத்தார்கள். அதை நம் வாசலில் நின்று அவன் சொன்னபோது உன் முகத்தில் வந்த சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

எனக்கு மட்டும் ஸ்டூலைத் தர மாட்டாய். "உன்ன உக்கார வச்சா, பால் பொங்குதுன்னு ஓடுவ. ஸ்டூல் காலியா இருக்கக் கூடாது வசு. இன்னொரு ஆள் வந்து உக்காந்தப்புறம்தான் எழுந்திருக்கணும். உனக்கு அது வராது." எனக்குச் சுருக்கென்று இருக்கும். ஆனால் பொய்யா என்ன? கல்யாண மணையிலிருந்தே எழுந்து பந்தி எப்படி நடக்கிறது என்று பார்க்கப் போனவள் என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார். ஃபிளாட் மீட்டிங்கில் சம்ப்புக்கு ஒரு கம்பி வலை போடலாம் என்று நீ ஒவ்வொரு முறையும் சொன்னாய். அவர்களும் ஒவ்வொரு முறையும் அடுத்த மீட்டிங்கில் பேசலாம் என்றார்கள். நான் பாதி மீட்டிங்கில் எழுந்து போயிருப்பேன்.

உனக்கு மாரடைப்பு வந்து எல்லாம் சட்டென்று முடிந்துவிட்டது. உன் மகள் பெங்களூரிலிருந்து வந்தாள். சாந்தோம் சொந்தக்காரர்கள், ஆஸ்பத்திரி சிநேகிதிகள், தெருவில் நீ பேசிய அத்தனை பேர். மத்தியானத்துக்குள் சம்ப் வறண்டுவிட்டது. என் வீட்டுக்காரர் லாரிக்குச் சொன்னார்.

பந்தலைப் பார்த்துத்தான் ஏழுமலைக்கு விஷயமே தெரிந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு சந்துக்கு வந்து, கிளீனரோடு சேர்ந்து மூடியைத் தூக்கி ஓரமாகத் தள்ளினான். தள்ளிவிட்டு, குழாயைப் பிடித்தபடி சொன்னான்: "ஒரு ஆளு உக்காரட்டும். அப்பதான் பைப்பு."

உன் கொழுந்தனாருக்குக் கோபம் வந்துவிட்டது. "சாவு வீட்ல வந்து சட்டம் பேசறியா?"

"யார் சாவுன்னு தெரிஞ்சுதான் சார் சொல்றேன்."

நான் போய் ஸ்டூலை எடுத்துப் போட்டு உட்கார்ந்தேன். உன் ஸ்டூலில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. ஏழுமலை குழாயை இறக்கிவிட்டு, வால்வைத் திறக்கத் தெருவுக்குப் போனான்.

ஃபாதர் சாயங்காலம் வருவார் என்றுதான் சொல்லியிருந்தார்கள். முன்னாலேயே வந்துவிட்டார். "கடைசியா பாக்கறவங்க எல்லாரும் உள்ள வாங்க" என்று உன் மகளின் குரல் கேட்டது. சந்தில் நின்றவர்களும் பந்தலில் இருந்தவர்களும் உள்ளே போனார்கள். பாட்டு ஆரம்பித்தது. நான் "யாராச்சும் ஒருத்தர் இங்க வாங்களேன்" என்று கத்தினேன். பாட்டில் அது யாருக்குக் கேட்கும்? அந்த இரும்பு மூடியை நான் ஒருத்தியாக நகர்த்த முடியாது. தெருவில் லாரியும் உன்னைக் கொண்டுபோக வந்த வேனும் எதிரும் புதிருமாக மாட்டிக்கொண்டு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. ஏழுமலையும் கிளீனரும் அங்கே.

பாதி எழுந்துவிட்டேன். உன்னைப் பார்க்காமல் எப்படி விடுவேன்? ஓடிப் போய் ஒரு நிமிஷத்தில் வந்துவிடலாம் என்று தோன்றியது.

அப்போது சந்து முனையில் உன் தம்பியின் பேத்தி வந்தாள். மஞ்சள் கவுன், கையில் பிஸ்கட், பின்னால் யாரும் இல்லை. தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கேட்டு நேராகத் தொட்டிப் பக்கம் தத்தித் தத்தி வந்தாள். "தண்ணி" என்றாள்.

திரும்ப உட்கார்ந்தேன். அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். உள்ளே பாட்டு நின்று ஜெபம் ஆரம்பித்தது. அழுகைச் சத்தம் ஏறியது. பெட்டியை மூடுகிறார்கள் என்று தெரிந்தது. நானும் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அந்தக் குட்டி என்னைப் பார்த்துவிட்டு, எச்சில் பிஸ்கட்டை என் வாயில் வைத்தாள். சாப்பிட்டேன்.

ஏழுமலை திரும்பி வந்தபோது உன்னை வேனில் ஏற்றியிருந்தார்கள். "யக்கா, நீ உள்ள போவல?" என்றான். "யாரும் வரலப்பா" என்றேன். அவன் கிளீனரோடு மூடியைப் போட்டு, மேலே ஏறி நின்று மிதித்துப் பார்த்தான். அதற்குப் பிறகுதான் குழந்தையின் அம்மா தேடிக்கொண்டு வந்தாள். "இங்கதான் இருக்கியா? யாரோ வச்சிருக்காங்கன்னு நெனச்சேன்" என்று சொல்லித் தூக்கிக்கொண்டு போனாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. தெரியவும் வேண்டாம். நான் ஆட்டோ பிடித்துக் கல்லறைக்கு வந்து, உன்மேல் ஒரு பிடி மண் போட்டேன்.

இதுதான் நடந்தது. மாமியிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. யோசித்துப் பார்த்தால், நீ ஸ்டூலில் இருந்தவரை உன் முகத்தை நான் பக்கவாட்டில்தான் பார்த்திருக்கிறேன். காது, மூக்குத்தி இல்லாத மூக்கு, வேர்வையில் ஒட்டிய நரைமுடி. கண் எப்போதும் தண்ணீர்மேல். எனக்கு அந்த முகம் போதும் என்று சொல்லிக்கொள்கிறேன். சில நாள் போதவில்லை.

நீ போன பிறகு நடந்த முதல் மீட்டிங்கில் நான் எழுந்து போகவில்லை. வலை போடுகிறோம் என்று அவர்கள் சொல்கிறவரை உட்கார்ந்திருந்தேன். இப்போது மூடிக்குக் கீழே குழாய் நுழைகிற அளவுக்கு மட்டும் இடம் விட்டுக் கம்பி வலை இருக்கிறது. கொட்டிவாக்கத்தில் என் நாத்தனார் வீட்டுக்குப் போனால் பாத்ரூம் பக்கெட்டையெல்லாம் கவிழ்த்துவிட்டு வருகிறேன். அவள் திட்டுகிறாள்.

இன்று காலை, உன் வீட்டுக்கு வாடகைக்கு வந்திருக்கிற பெண் சந்துக்கு வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏன் ஆன்ட்டி லாரி வந்தா இங்க வந்து உக்காந்துக்கறீங்க? அதான் வலை போட்டிருக்கே?"

அவளாகக் கேட்டாள். நான் சொன்னேன். உன்னைப் பற்றி, ஸ்டூலைப் பற்றி, கைமாற்றும்போது சொல்ல வேண்டிய வார்த்தையைப் பற்றி. உன் மூத்தவனைப் பற்றியும் சொன்னேன். நீ கோபித்துக்கொள்ள மாட்டாய் என்று நினைக்கிறேன். அவள் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். பயமுறுத்திவிட்டேனோ என்று இருந்தது. பிறகு உன் ஜன்னல் வழியாக அவள் குரல் கேட்டது. "அம்மா, பாப்பா உன் கையில. சொல்லும்மா, வாயத் தொறந்து சொல்லு." உள்ளேயிருந்து, "என் கையிலதான்டி, என்ன இப்ப?" என்று ஒரு பதில்.

வெறுங்கையோடு அவள் திரும்பி வந்தாள். "நீங்க போய் டிபன் சாப்பிடுங்க ஆன்ட்டி. நான் உக்காந்துக்கறேன்."

அவள் என் பக்கத்தில் வந்து நிற்கிறவரை நான் எழுந்திருக்கவில்லை. எழுந்ததும் அவள் உட்கார்ந்தாள். இதைத்தான் நீ எனக்கு வராது என்றாய்.

படியேறும்போது கால் ஓடியது. அன்றைக்கு இப்படி ஒருத்தி வந்திருந்தால் நேராக உன்னிடம் ஓடி வந்திருப்பேன். இன்றைக்கு ஓடுவதற்கு அடுப்பில் பால்கூட இல்லை. மாடிக்குப் போய், பால்கனியில் நின்று கீழே எட்டிப் பார்த்தேன். உட்கார்ந்திருந்தாள். கையில் போன் இல்லை. என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.