வெள்ளைக் கப்பி

என்னங்க,

பேச்சுவார்த்தை இல்லாததால எழுதுறேன். உங்க கயித்துப் பையில அந்த வெள்ளை நைலான் கப்பியைத் தேடாதீங்க.

நைலான் குருணை காத்துல இருக்கிற ஈரத்தைக் குடிச்சிடும். நாலு மணி நேரம் சூட்டுல காயவெச்சு வார்த்தாத்தான் உறுதியா நிக்கும். நாம சண்டை போட்ட அன்னைக்கு கம்பெனியில என் புத்தி வார்ப்பு மெஷின்ல இல்லை, ஒரு மணி நேரத்துலயே கொட்டி வார்த்துட்டேன். அதுல ஒண்ணைத்தான் சமாதானமா இருக்கட்டும்னு உங்க கயித்துல மாட்டினேன். நீங்களும் பேசாம எடுத்துட்டுப் போனீங்க.

ஏழாவது மாடிச் சுவருக்குப் பெயிண்ட் அடிக்க மூணு நாள் அதுலதான் தொங்கியிருக்கீங்க. நேத்து கம்பெனியில அன்னைக்கு நான் வார்த்த லாட் முழுக்க உடைய ஆரம்பிச்சுது. காலையில உங்களோடதை சுத்தியலால ஒரு தட்டுத்தான் தட்டினேன். பிஸ்கட் மாதிரி நொறுங்கிடுச்சு.

பழைய இரும்புக் கப்பியை மாட்டியிருக்கேன். கனக்குதுன்னு முனகாதீங்க. என்னைத் திட்டணும்னா சாயங்காலம் இறங்கி வந்து வாய் நிறையத் திட்டுங்க.

இன்னும் கோபம் தீராத
உங்க வீட்டுக்காரி