முகம் மூடாத வலைக்காரன்

3 பிப்ரவரி 2025, திங்கள்

சிதம்பரத்திலிருந்து திரும்ப நேரமாகிவிட்டது. சிப்காட் ரசாயன ஆலைகளைத் தாண்டும்போது வழக்கம்போல துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

எம்.ஏ. கட்டுரைக்கு எனக்கு வந்த தலைப்பு: பழைய ரோமில் வலையோடு சண்டை போட்டவன். பெயர் ரெட்டியாரியஸ், அவர்கள் மொழியில் வலைக்காரன் என்றுதான் அர்த்தம். கையில் வலை, சூலம், ஒரு சின்னக் கத்தி. மற்ற வீரர்களில் பலருக்குத் தலைக்கவசம் உண்டு, இவனுக்குக் கிடையாது. சாகிறபோது அவன் முகத்தைப் பார்க்க ஆசைப்பட்ட மன்னன்கூட இருந்தானாம். சீ, என்ன ஜென்மம்!

கட்டிக்கொண்டவரிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? மாமா வீச்சுவலையைக் காயப்போட்டபடியே சிரித்தார். "மீன வுட்டுட்டு மனுசன் மேலயா வலை வீசுனானுங்க? பொழப்பு கெட்டவனுங்க."

9 பிப்ரவரி, ஞாயிறு

செம்மண்டலத்தில் டீச்சராக இருக்கும் என் தோழி சரண்யா வந்தாள். அவள் பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் ரோம் சண்டைக் காட்சியாம். மாமாதான் வலைக்காரன். எதிராளி அவர்களுடைய பி.டி. சார் தமிழ்வேந்தன்.

எங்கள் வாசலிலேயே ஒத்திகை. பைக் ஹெல்மெட்டோடு நின்ற சார் மேல் வலை வட்டமாக விழுந்தது. சார் பொத்தென்று விழுந்து செத்துக் காட்டினார். வயிறு வலிக்கச் சிரித்தோம். கத்தி மட்டும் கூடாது என்றாள் சரண்யா, பிள்ளைகள் இருக்கும் இடமாம். அதுவும் நியாயம்தான்.

12 பிப்ரவரி, புதன்

ரோம் வலைக்காரனுக்கு அந்தக் கத்தி எதற்கென்று நூலகத்தில் படித்தேன். வலைக் கயிறு அவன் மணிக்கட்டில் கட்டியிருக்கும். எதிராளி வலையோடு இழுத்தால் அறுத்துக்கொண்டு தப்பிக்கலாம்; அதற்காகவும் இருக்கலாம் என்கிறார்கள். மாமாவிடம் சொன்னேன். "கயித்துச் சுருக்கு கையில இல்லன்னா வலை போயிடும் புள்ள" என்றார். அத்தோடு மறந்துவிட்டோம்.

15 பிப்ரவரி, சனி

இன்றுதான் ஆண்டுவிழா. எழுதாமல் இருக்க முடியவில்லை.

வலை சரியாகத்தான் விழுந்தது. சார் தடுமாறி ஆளுயர மேடையிலிருந்து கீழே போனார். வலையோடு போனார். தரை எட்டாமல் வலைக்குள் தொங்கினார். சுருக்கு மாமாவின் வலது மணிக்கட்டில் — அவ்வளவு பாரமும் அந்த ஒரு கையில். விளிம்பில் குப்புறக் கிடந்து வாயைத் திறந்து கத்துகிறார். ஸ்பீக்கரில் மேளம், ஒன்றும் கேட்கவில்லை. ஜனம் எழுந்து நின்று விசிலடிக்கிறது. எல்லார் கையிலும் போன். சரண்யா என் தோளை உலுக்கினாள். "என்னா ஆக்டிங்டி உங்க வூட்டுக்காரு!"

நானும் கைதட்டினேன். ஐயோ, நானும் தட்டினேனே!

அந்த முகம் நேராக என்னைப் பார்த்தது. அப்போதுதான் உறைத்தது. கயித்த அறுங்க, கயித்த அறுங்கன்னு கத்திக்கிட்டு ஓடினேன். மைக்செட்காரர்தான் வயர் வெட்டும் கட்டிங் பிளேயரோடு மேடையில் தாவிக் கயிற்றை அறுத்தார்.

16 பிப்ரவரி, ஞாயிறு

சாருக்குச் சிராய்ப்புதான். மாமாவுக்கு நரம்பில் அடி. கை பழையபடி வருமா? டாக்டர் "பாக்கலாம்மா" என்றார். வலது கை போனால் மாமா என்ன செய்வார்?

19 பிப்ரவரி, புதன்

வீடியோ ஊரெல்லாம் சுற்றுகிறது. கீழே யாரோ எழுதியிருக்கிறார்: நடிப்புன்னா இது.

24 பிப்ரவரி, திங்கள்

கட்டுப் பிரித்துவிட்டு வந்தோம். சோறு போட்டபோது மாமா மெதுவாகச் சொன்னார். "நீயும் தட்டுன. பாத்தேன்."

"நடிப்புன்னு நெனச்சிட்டேன் மாமா."

இடது கையால் பிசைந்து சாப்பிட்டார்.

30 மார்ச், ஞாயிறு

இரண்டு விரல் மடங்கவில்லை. இனி மடங்காதாம்.

காலையில் மாமா வலையை எடுத்தார். உப்பனாற்றுக்கா, தனியாகவா என்று பதறினேன். சுருக்கை இடது கையில் மாட்டிக்கொண்டார். அடுப்படிக்குப் போய் மீன் அறுக்கும் கத்தியை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார்.

"நீயும் வா. மீனப் பாக்காத. என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே இரு."

ஆற்றில் வலை வட்டமாக விழவில்லை, கோணலாக விழுந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.